முதுகு கொடுத்து ஓடும் விஜயகுமாரி

செய்யூருக்குத் தெற்கே எங்கள் ஊர்க் கிரிக்கெட்டில் ஒரு சட்டம் உண்டு. ரன் ஓடும்போது, எறிந்த பந்து ஓடுகிறவன் முதுகில் பட்டால் பந்து செத்தது. ரன் உண்டு, அவுட் கிடையாது. யார் போட்ட சட்டம் என்று தெரியவில்லை. வேர்க்கடலை காயப்போடும் களம்தான் எங்கள் மைதானம், ரப்பர் பந்துதான் பந்து. பட்டால் சுள்ளென்று இருக்கும், அவ்வளவுதான். அதனால் ஸ்டம்பைப் பார்த்து நேராக ஓடுகிறவனை யாரும் மதிக்கமாட்டோம். எறிகிறவன் கையைக் கடைக்கண்ணால் பார்த்து, பந்து வருகிற வழியில் முதுகைக் கொண்டுபோய் வைக்கத் தெரிந்தவன்தான் ஆட்டக்காரன். அதற்குப் பெயர் முதுகு கொடுப்பது.

அதில் ஊரிலேயே கெட்டிக்காரி விஜயகுமாரி, என் அத்தை மகள்.

கெட்டிக்காரிதான், ஆனால் எந்த டீமிலும் அவள் பெயர் இருந்ததில்லை. பதினோராவது ஆள் வராவிட்டால் கூப்பிடுவார்கள். அவன் சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்து சேர்ந்துவிட்டால், "விஜி, நீ போ, ஆளு வந்துட்டான்" என்பார்கள். ஒருமுறை அவள் நன்றாக அடித்துக்கொண்டிருந்தபோதே அப்படி நடந்தது. மட்டையைக் கொடுக்கமாட்டேன் என்று களத்தைச் சுற்றி ஓடினாள். அன்றைக்கும் அவளை யாராலும் பிடிக்க முடியவில்லை.

பிளஸ் டூ முடித்து, இப்போது மாமல்லபுரத்துக்கு இந்தப் பக்கம் ஈ.சி.ஆர். ஓரத்தில் ஒரு பெட்ரோல் பங்கில் வேலை செய்கிறாள். நீலச் சட்டை, தொப்பி. "ஜீரோ பாத்துக்க அண்ணாத்த" என்று அவள் சொல்கிற தோரணையில் பார்க்காதவன்கூடப் பார்த்துவிடுவான். போன வருஷம் ஒருநாள், புல்லட்டில் வந்த ஒருவர் டேங்க் மூடியை மறந்துவிட்டுக் கிளம்பிவிட்டார். மூடியைக் கையில் எடுத்துக்கொண்டு விஜி துரத்தினாள். அடுத்த வேகத்தடையில் புல்லட் வேகம் குறைந்தபோது பக்கத்தில் ஓடிக்கொண்டே, "மூடிய மறந்துகினு எங்க போற?" என்று நீட்டினாள். அவர் பயந்து வண்டியைக் கீழே போட்டுவிட்டார்.

அதே பங்கில் ஸ்கூட்டிக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தவர் ரெஜினா மிஸ். மாவட்ட மகளிர் பேஸ்பால் அணிக்குப் பயிற்சியாளர்.

"பேஸ்பால் ஆடுவியா?"

"அது இன்னா மிஸ்?"

"அடிக்கணும், ஓடணும்."

"ஓடுனா ரன்னா?"

"ஓடுனா ரன்தான்."

"அப்ப வரேன்."

நான் அந்த அணிக்கு நடுவராகப் போய்க்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான்தான். உடற்கல்விப் பட்டம் வாங்கி, அதற்குமேல் பேஸ்பால் நடுவர் பயிற்சியும் முடித்திருக்கிறேன். எங்கப்பா டீக்கடையில், "நம்ம பையன் விளையாட்டுல ஜட்ஜு" என்று சொல்லி வைத்திருக்கிறார். நான் திருத்துவதில்லை. அதில் தப்பொன்றும் இல்லையே.

மைதானத்தில் என்னைப் பார்த்ததும் விஜி பெரிதாகக் கும்பிட்டாள். "மாமா, நீதான் அம்பயரா? அப்ப நான் அவுட்டே ஆவமாட்டேன்."

முதல் வாரமே அவளுக்கு அதிகமாக அவுட் கொடுத்த ஆள் நான்தான்.

சட்டம் இதுதான். பந்தை அடித்ததும் முதல் பேஸுக்கு, தரையில் பதித்த வெள்ளைத் திண்டுக்கு, ஓட வேண்டும்; அங்கே நிற்பவர் கைக்குப் பந்து முன்னால் போய்விட்டால் அவுட். பாதித் தூரம் எப்படி வேண்டுமானாலும் ஓடலாம். மீதிப் பாதியில், எல்லைக்கோட்டுக்கு வலப்புறம் மூன்றடி தள்ளி இன்னொரு கோடு போட்டிருக்கும். பந்தை முதல் பேஸுக்கு எறியும்போது, ஓடுகிறவர் இந்த இரண்டு கோட்டுக்கும் இடையிலேயே ஓட வேண்டும். அந்தச் சந்துக்கு வெளியே ஓடி, பேஸில் நின்று பந்தைப் பிடிக்கிறவருக்கு இடைஞ்சல் செய்தால், பந்து செத்தது. ஓடியவர் அவுட்.

விஜிக்கு இது நன்றாகப் புரிந்தது. முதுகுக்குத்தான் புரியவில்லை. மட்டைக்காரிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் கேட்சர் பந்தை எடுத்துக் கையை ஓங்கினால் போதும், அவள் தலை லேசாகத் திரும்பும், கால் கோட்டைத் தாண்டி உள்ளே வரும், முதுகு பந்துக்கு நேராகப் போய் நிற்கும். தொப்பென்று சத்தம் கேட்கும். நான் கையை உயர்த்துவேன்.

"இன்னா மாமா, பந்து செத்துப்போச்சுல்ல?"

"செத்துப்போச்சு. நீயும்தான்."

"நம்மூர்ல ரன்னு குடுப்பாங்க!"

"நம்மூர் அம்பயர் நம்மூர்லயே கீறாரு. இங்க நான்."

"பட்டம் வாங்குனா சொந்தக்காரங்கள மறந்துடுவியா?"

பெண்கள் எல்லாம் சிரிப்பார்கள். அதிகம் சிரிப்பவள் சஹானா. படூர் அடுக்குமாடிக் குடியிருப்புப் பெண், கல்லூரியில் படிக்கிறாள், முதல் பேஸில் நிற்பவள். விஜியின் முதுகில் பட்டுத் தெறிக்கும் பந்தைத் தேடி ஓடியே இளைத்துப் போனதாகச் சொல்வாள்.

"விஜி, நான் இங்க பந்து பிடிக்கத்தான் நிக்கிறேன். உன் முதுகைப் பாக்குறதுக்கு இல்ல."

"பேஸு கோட்டுக்கு உள்ள கீது. என்ன மட்டும் வெளிய ஓடு, வெளிய ஓடுங்குறாங்க. வூட்டுக்குப் போறவள வேலிக்கு அந்தாண்ட நடக்கச் சொன்னா இன்னா நியாயம்?"

கேள்வி நியாயமானதுதான். பேஸ் பக்கத்தில் வந்ததும் கடைசி எட்டு வைக்கும்போது உள்ளே வரலாம் என்று சட்டத்திலேயே இடம் இருக்கிறது என்றேன். "அத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?" என்றாள். முதல் நாளே சொல்லியிருந்தேன்.

ரெஜினா மிஸ் கோட்டோரம் தண்ணீர் பாட்டில்களை வரிசையாக வைத்துப் பார்த்தார். விஜி எல்லாவற்றையும் உதைத்துக்கொண்டு உள்ளே வந்தாள். கயிறு கட்டினார். அடியில் குனிந்து வந்தாள். கடைசியில் பிரிசில்லா ஒரு வழி சொன்னாள். அவள் விஜியின் தோழி, பங்கில் பக்கத்து மெஷினில் நிற்பவள், விஜி இழுத்து வந்ததால் அணிக்கு வந்தவள். "பின்னாடி பாக்காத. பாத்தாதான உனுக்கு முதுகு குடுக்கத் தோணுது? முன்னாடி சஹானா மூஞ்சியப் பாத்துகினே ஓடு." விஜி அதைப் பிடித்துக்கொண்டாள். பங்கில் வண்டி வராத நேரத்தில் ஏர் மெஷின்வரை, யாரையோ முறைத்தபடி ஓடி ஓடிப் பழகினாள். மேனேஜர் தன்னைத்தான் முறைக்கிறாள் என்று நினைத்து ஒருநாள் ஷிஃப்டை மாற்றிக் கொடுத்தார்.

மாநிலப் போட்டிக்கு ஆள் எடுக்கும் நாள் வந்தது. படூர்ப் பக்கத்தில் ஒரு கல்லூரி மைதானம். இருந்தவர்களையே இரண்டாகப் பிரித்து ஆடவிட்டார் ரெஜினா மிஸ். ஒரு இடம் தவிர மற்றதெல்லாம் முடிவாகியிருந்தது. அந்த ஓர் இடம் சஹானாவுக்கா, விஜிக்கா என்பதை ஆட்டத்தைப் பார்த்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டார்.

விஜி அன்றைக்குக் கிண்டல் பேசவில்லை. என் பக்கத்தில் வந்து, "மாமா, பேரு படிப்பாங்களா, இல்ல சும்மா கை காட்டுவாங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

"பேரு படிப்பாங்க."

"சத்தமாவா?"

"சத்தமாத்தான்."

தலையாட்டிவிட்டுப் போனாள்.

ஆட்டம் கடைசிச் சுற்றுக்கு வந்தபோது இரண்டு பக்கமும் சமம். விஜி அணி மட்டை பிடிக்கிறது. இரண்டு பேர் அவுட், மூன்றாவது அவுட்டில் சுற்று முடியும். மூன்றாவது பேஸில் பிரிசில்லா நிற்கிறாள். அவள் ஓடி வந்து, மட்டை பிடிக்கும் இடத்திலுள்ள ஹோம் பேஸைத் தொட்டால் வெற்றி. ஆனால் மட்டை பிடிக்கிறவள் முதல் பேஸைத் தொடாமல் அவுட்டாகிவிட்டால் அந்த ரன் செல்லாது. மட்டையோடு வந்து நின்றவள் விஜயகுமாரி. முதல் பேஸில் நிற்பது எதிரணி சஹானா. கேட்சருக்குப் பின்னால் நான். அன்றைக்கு ஒரே நடுவர்.

விஜி முழுசாகச் சுழற்றினாள். பந்து மட்டையின் அடியில் பட்டு, கேட்சருக்கு முன்னாலேயே நாலடி உருண்டு நின்றது. பிரிசில்லா ஓட, விஜி ஓட, கேட்சர் பந்தை எடுக்க, நானும் கோட்டோரமாக ஓடினேன். என் கண் முழுக்க விஜியின் கால்களில்தான்.

பாதித் தூரம் தாண்டினாள். இரண்டு கோட்டுக்கும் நடுவில் இருக்கிறாள். தலை திரும்பவில்லை. சஹானாவை முறைத்துக்கொண்டே ஓடுகிறாள். இன்னும் நடுவில்தான் இருக்கிறாள். கேட்சர் அவசரத்தில் கோணலாக எறிந்தாள். பந்து கோட்டைத் தாண்டி வலப்புறம் வந்து, சந்துக்குள் சமர்த்தாக ஓடிக்கொண்டிருந்த விஜியின் முதுகிலேயே விழுந்தது.

தொப்.

சந்துக்குள் ஓடுகிறவள் மேல் பந்து பட்டால் குற்றம் எறிந்தவளுடையது. ஆட்டம் நிற்காது. நான் இரண்டு கையையும் பக்கவாட்டில் விரித்து, "ஒண்ணும் இல்ல!" என்று கத்தினேன்.

ஆனால் விஜி நின்றுவிட்டாள். பேஸுக்கு மூன்று எட்டு முன்னால் சட்டென்று நின்று, என் பக்கம் திரும்பி, என்னைவிடச் சத்தமாகக் கத்த ஆரம்பித்தாள்.

"இன்னாத்துக்கு அவுட்டு? கோட்டுக்குள்ளதான வந்துகினு இருந்தேன்! நீ பாத்தல்ல? கண்ணு கீதுல்ல உனுக்கு? இந்தா பாரு கால் தடம்!"

குனிந்து மண்ணைக் காட்டினாள். தடம் இரண்டு கோட்டுக்கும் நடுவில் அழகாகப் பதிந்திருந்தது. நான் அவுட்டே கொடுக்கவில்லை. விரித்த கையை விரித்தபடியே நிற்கிறேன். 'ஓடு' என்று சொல்லலாமா என்றால், நடுவர் ஆட்டக்காரருக்கு யோசனை சொல்லக் கூடாது. விரித்த கையை இன்னும் கொஞ்சம் அகலமாக விரித்தேன்.

பந்து வேலியோரம் உருண்டு கிடந்தது. சஹானா அதைத் துரத்திப் போய் எடுத்துவிட்டாள்.

ஹோம் பேஸை மிதித்து முடித்த பிரிசில்லா அங்கிருந்து அலறினாள். "அடியே! அவரு அவுட்டு குடுக்கலடி! ஓடித் தொலடி!"

விஜி என் கைகளைப் பார்த்தாள். விரிந்திருக்கின்றன. வேலிப் பக்கம் பார்த்தாள். சஹானா பந்தோடு பேஸை நோக்கி வருகிறாள். அதற்குமேல் அவள் எதையும் பார்க்கவில்லை. மூன்று எட்டையும் ஓடாமல் ஒரேயடியாகப் பாய்ந்தாள். நெஞ்சு மண்ணில் தேய, இரண்டு கையும் பேஸைப் பிடித்துக்கொண்டன. மறு நொடி சஹானாவின் ஷூ அதே பேஸில் வந்து இறங்கியது.

"சேஃப்!" என்றேன்.

அவள் அணி மொத்தமும் ஓடி வந்தது. விஜி எழுந்திருக்கவில்லை. புழுதி முகத்தோடு பேஸைக் கட்டிக்கொண்டு கிடந்தாள்.

"விஜி, முடிஞ்சிபோச்சு. எழுந்திரு" என்றேன்.

"இன்னொரு தபா சொல்லு."

"சேஃப்."

"பின்னாடி ஆளு வந்துட்டான், போன்னு சொல்லமாட்டல்ல?"

சஹானா குனிந்து அவள் கையைப் பிடித்து இழுத்தாள். "ஐயோ, எழுந்திரு. அவுட் குடுக்காத அம்பயர்கிட்ட சண்டை போட்ட ஒரே ஆள் நீதான்." சிரித்தாள். ஆனால் கண் ரெஜினா மிஸ் பக்கம் போய் வந்தது. தனக்கு என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

ரெஜினா மிஸ் நடந்து வந்து, கால் தடம் பதிந்த இடத்தைக் குனிந்து பார்த்தார். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி, "கடைசிப் பேரு, விஜயகுமாரி" என்றார். சஹானா தோளில் கை போட்டு, அவள் காதில் மட்டும் ஏதோ சொன்னார். சஹானா தலையாட்டினாள். தொப்பியைக் கொஞ்சம் கீழே இறக்கிக்கொண்டாள்.

"ஒரு கண்டிஷன்" என்றார் மிஸ், விஜியைப் பார்த்து. "மாநிலப் போட்டியில பேஸைத் தொடுறவரைக்கும் நீ வாயத் திறக்கக் கூடாது."

"சரி மிஸ்."

"எது நடந்தாலும்."

"சரி மிஸ். தொட்டதுக்கு அப்புறம்?"

ரெஜினா மிஸ் என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன்.

"தொட்டதுக்கு அப்புறம் பேசிக்கோ" என்றார்.

விஜி சட்டைப் புழுதியைத் தட்டிக்கொண்டு என்னிடம் வந்தாள். "கேட்டுக்கினியா மாமா?" என்றாள். பேஸ் மேல் ஒரு காலை எடுத்து வைத்துக்கொண்டு, வாரக்கணக்காகச் சேர்த்து வைத்திருந்த அவுட்டுகளை முதலிலிருந்து ஒவ்வொன்றாகக் கேட்க ஆரம்பித்தாள்.