மேசைக்கடியில் ஒட்டியிருந்த பென்டிரைவ்

புக்கிட் பெலிம்பிங் அருகே ஒரு செம்பனை (எண்ணெய்ப் பனை) தோட்ட அலுவலகத்தில் நான் கிராணி, அதாவது கணக்கு எழுதும் எழுத்தர். எனக்கு முன்பிருந்த கிராணி சுப்பையா, மானேஜருடன் சண்டை போட்டு விலகியவர். அதனால் அவர் விட்டுப்போன எதையும் நான் நம்பவில்லை. மேசைக்கடியில் ஒட்டியிருந்த பென்டிரைவைக்கூட, அவர் தகவல் திருடியதற்கு ஆதாரம் என்று பூட்டி வைத்தேன்.

கணினி மந்தமானபோது, நீக்கிய மென்பொருள்களின் மிச்சப் பதிவுகளை, கணினியின் அமைப்புகள் பதிவாகியிருக்கும் ரெஜிஸ்ட்ரியில் தேடினேன். பல பதிவுகளில் சுப்பையாவின் பெயர் இருந்தது. வெளியே இருந்துகொண்டு வேவு பார்க்கிறார் என்று முடிவுகட்டி, எல்லாவற்றையும் அழித்தேன்.

மறுநாள் காலை லோரிகளை நிறுக்கும் எடை மேடையின் எண்கள் கணினிக்கு வரவில்லை. பழக்குலைகளோடு ஏழு லோரிகள் வாசலில் நின்றன. வேறு வழியின்றி சுப்பையாவையே போனில் அழைத்து, பதிவுகளை அழித்ததைச் சொன்னேன்.

“எடை மெஷின என் பேர்லதாம்மா செட் பண்ணேன். ரெஜிஸ்ட்ரி காப்பி மேசைக்கடியில ஒட்டிருக்கேன், பாருங்க லா,” என்றார்.

பூட்டி வைத்த ‘ஆதாரத்தை’ எடுத்து, அதிலிருந்த காப்பியை ஏற்றினேன். எண்கள் வந்தன. பூட்டி வைத்ததை மட்டும் அவரிடம் சொல்லவில்லை.

இப்போது எதை நீக்கும் முன்பும் காப்பி எடுக்கிறேன். பென்டிரைவ் மீண்டும் மேசைக்கடியிலேயே இருக்கிறது. எனக்குப் பின் வருபவரும் என்னைப் போலவே இருக்கலாம் என்பதால், அது எதற்கென்று எழுதி ஒட்டியிருக்கிறேன்.