ஏழு பேர் உட்காரும் வேன்

என் தேனிலவுக்கு ஏழு பேர் போவதாக இருந்தது. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஏழு பேருடைய பாஸ்போர்ட் நகல்களும் என் மேசை டிராயரில் இருந்தன. அதில் நாலு பேருக்கு நானே விண்ணப்பம் போட்டுக் கொடுத்திருந்தேன்.

திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் ஒரு பிரவுசிங் சென்டரில் எனக்கு வேலை. பாஸ்போர்ட், பான் கார்டு, பரீட்சை விண்ணப்பம், வருமானச் சான்று, எதற்கு வேண்டுமானாலும் வரலாம். எட்டு வருடமாக அடுத்தவர்கள் ஊர் போய்ச் சேருவதற்குப் படிவம் நிரப்பிக்கொண்டிருந்தேன். என் பாஸ்போர்ட்டில் ஒரு முத்திரைகூட விழவில்லை. எனக்கோ ஓர் இடத்தில் இருப்புக் கொள்ளாது. உட்கார்ந்தால் கால் ஆடும். நின்றால் விரல் சொடுக்கும். "கால ஆட்டாதடி, வீட்ல இருக்கது பூராம் ஓடிப்போயிரும்" என்று அம்மா திட்டுவார். எங்கள் வீட்டில் ஓடிப்போக என்ன இருந்தது என்று நான் கேட்டதில்லை.

மாப்பிள்ளைக்குக் கத்தாரில் எலக்ட்ரீஷியன் வேலை. சொந்த ஊர் சித்தையன்கோட்டைப் பக்கம், தென்னையும் வாழையும் உள்ள வீடு. பெண் பார்க்க வந்தது அவருடைய அம்மா, அப்பா, அக்கா, மச்சான். அவர் வீடியோ காலில் வந்தார். போனைக் கூடம் முழுக்கச் சுற்றிக் காட்டினார்கள். எங்கள் சித்தப்பாவின் வழுக்கையை அவர் பார்த்த நேரத்தில் பாதிகூட என் முகத்தைப் பார்த்திருக்க மாட்டார். பிறகு "ரெண்டு பேரும் தனியாப் பேசட்டும்" என்று போனைக் கையில் கொடுத்து மாடிக்கு அனுப்பினார்கள். கூடவே அவர் அக்காவையும் அனுப்பினார்கள்.

அவருக்கு லீவு முப்பத்தைந்து நாள். அதற்குள் கல்யாணம், மறுவீடு, விருந்து. விருந்துக்கு மட்டும் பதினொரு வீடு பேசியாகிவிட்டது. எல்லாம் முடிந்ததும் அவர் விமானம் ஏறிவிடுவார். நான் அவருடைய அம்மா அப்பாவோடு அந்த வீட்டில் இருக்க வேண்டும். அடுத்த லீவு ஒன்றரை வருடம் கழித்து. இதை நினைக்க நினைக்க எனக்கு உடம்பு பதறியது. எனக்கு அந்த மனிதரோடு ஏழு நாள் வேண்டும். தனியாக. என் ஆசை அவ்வளவுதான். சிங்கம் பார்க்கும் ஆசையெல்லாம் எனக்கு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.

கொடைக்கானல் போகலாமே என்று எல்லோரும் சொன்னார்கள். கொடைக்கானல் எங்களுக்குக் கொல்லைப்புறம். காலையில் நாங்கள் ஏறினால் மத்தியானம் பிரியாணிப் பொட்டலத்தோடு யாராவது ஒரு சித்தப்பா அறைக் கதவைத் தட்டுவார். ஊட்டிக்குப் போனால் கோயம்புத்தூர் அத்தை கோபித்துக்கொள்வார். கேரளாவுக்கு என்றால் நாத்தனார் வீட்டுக்காரரே கார் ஓட்டிக்கொண்டு வருவார். சொந்தக்காரன் பஸ் பிடித்து வர முடியாத இடமாகப் பார்த்தேன். வேலை நேரத்தில் முதலாளி வெளியே போனதும் கம்ப்யூட்டரில் அதைத்தான் தேடுவேன்.

ஆப்பிரிக்கா அவர் வழியாக வந்தது. கத்தாரில் அவரோடு ஒரே அறையில் இருக்கும் டிரைவர் கென்யாக்காரர். அந்த டிரைவரின் அண்ணன் நைரோபியில் சஃபாரி வேன் ஓட்டுகிறார். ஏஜெண்ட் இல்லை, கமிஷன் இல்லை. நான் பிடித்துக்கொண்டேன். ஜூலை பிறந்தால் கட்டணம் ஏறும், ஜூனுக்குள் போய்விட்டால் குறைவு. காட்டுக்குள்ளே தங்கினால் எக்கச்சக்கம், கேட்டுக்கு வெளியே கூடாரத்தில் தங்கினால் நம்மால் முடியும். ஜீப் வேண்டாம், கூரை திறக்கிற வேன் போதும். இதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதினேன், அடித்தேன், மறுபடி எழுதினேன். வைகாசியில் கல்யாணம், ஆனியில் கென்யா. "ஆடி பொறக்கதுக்குள்ள வந்து சேருங்க" என்பதோடு அம்மாவும் அடங்கிவிட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் போன் செய்தார். குரலில் அப்படி ஒரு பெருமை.

"வேன் காசுக்கு வழி பண்ணிட்டேன். தலைக்கு இம்புட்டுன்னு இல்லியாம், வேனுக்குத்தான் காசாம். ஏழு பேரு உக்காரலாம். அம்மா, அப்பா, அக்கா, மச்சான், பாப்பா. நம்ம ரெண்டு பேரு. கரெக்டா ஏழு."

"ஹனிமூனுக்கா?"

"எல்லாரும் ஒரு தடவ பாத்துக்கிருவாங்கள்ல."

"அப்ப கல்யாண மண்டபத்துலயே ஒரு சிங்கத்தக் கொண்டாந்து கட்டிருவோம். ஊரே பாத்துக்கிரும்."

அவர் சிரித்தார். நான் நிஜமாகவே கோபத்தில் சொன்னேன் என்பதுகூட அந்த மனிதருக்குப் புரியவில்லை. பழனிக்கு வேன் பிடிக்கிற மாதிரி பிடித்து வைத்திருக்கிறார். என்னால் வாயைத் திறந்து வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை. தாலி ஏறுவதற்கு முன்பே மாமியாரை வண்டியிலிருந்து இறக்கிவிட்டவள் என்று பேர் வாங்காதே என்று அம்மா கையெடுத்துக் கும்பிட்டார். பல்லைக் கடித்துக்கொண்டு நாலு பேருக்கும் பாஸ்போர்ட் விண்ணப்பம் போட்டேன். அத்தையிடம், அதாவது அவருடைய அம்மாவிடம், மட்டும் ஏற்கெனவே பாஸ்போர்ட் இருந்தது. கத்தாருக்கு ஒரு தடவை கூட்டிப்போகிறேன் என்று மகன் எடுக்கச் சொன்னது. அவர் கூட்டிப்போகவில்லை.

அந்த நாட்டுக்குப் போய் வருகிறவர்கள் மஞ்சள் காய்ச்சலுக்கு ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். எங்களுக்குப் பக்கம் தூத்துக்குடி. அவர் கத்தாரிலேயே போட்டுக்கொண்டார். சித்திரையில் ஒரு நாள் நாங்கள் ஆறு பேரும் ஒரு வண்டியில் போனோம். ஊசி போடப் போகிற வண்டி அப்படியே திருச்செந்தூருக்கும் போய்விட்டு வரும் என்று முடிவாகியிருந்தது. கல்யாணத்துக்கு முன்னால் மாமியாரும் மருமகளும் சேர்ந்து போய் ஊசி போட்டுக்கொண்டது எங்கள் குடும்பத்தில் மட்டும்தான் நடந்திருக்கும்.

அங்கே என் அதிர்ஷ்டம் திரும்பியது. மாமாவுக்கு அறுபது தாண்டிவிட்டது, நெஞ்சில் ஸ்டென்ட் வேறு. டாக்டர் வேண்டாம் என்றுவிட்டார். நாத்தனார் வீட்டுக்காரர் சுவரில் ஒட்டியிருந்த காகிதத்தை நிதானமாகப் படித்தார். முட்டை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு இந்த ஊசி கூடாது என்று அதில் இருந்தது. "எனக்கு முட்ட ஒத்துக்கிறாது" என்றார். காலையில் சாத்தூரில் இரண்டு ஆம்லெட் தின்ற மனிதர். அவர் வராவிட்டால் நாத்தனார் வரமாட்டார், நாத்தனார் வராவிட்டால் பாப்பாவும் இல்லை. அரை மணி நேரத்தில் நாலு சீட்டு காலி. சிரிப்பை அடக்க நான் தண்ணீர் குடிக்கிற சாக்கில் வெளியே போய்விட்டேன்.

திரும்பி வந்தபோது அத்தை ஜாக்கெட் கையை மேலே சுருட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"எனக்கு முட்டயும் ஒத்துக்கிரும், ஊசியும் ஒத்துக்கிரும்" என்றார் நர்ஸிடம்.

திருச்செந்தூரில் மற்றவர்கள் கடலில் குளித்துக்கொண்டிருந்தார்கள். கை வலிக்கிறது என்று நாங்கள் இரண்டு பேரும் மணலில் உட்கார்ந்திருந்தோம். அத்தை அதிகம் பேசாதவர். அன்றைக்கு அவராகவே தொடங்கினார்.

"அவன் கத்தாருக்குப் போயி பதினோரு வருசமாச்சு. லீவுக்கு வாரான். வந்தா போர் போடுறது, வீட்டு வேல, அக்கா வீடு, கூட்டாளிக. சாப்ட்டுக் கையக் கழுவுனா வண்டி கெளம்பிரும். எம்பக்கத்துல செத்த நேரம் உக்காந்ததில்ல." மணலை அள்ளி அள்ளிக் கீழே விட்டார். "அந்த வேனுல ஏறிட்டா எங்கயும் எறங்கிப் போக முடியாதாம்ல. மிருகம் இருக்குமாம். அவந்தான் சொன்னான்."

என் கால் மணலுக்குள் ஆடிக்கொண்டிருந்தது.

"சிங்கம் வந்தா வருது, வராட்டிப் போகுது. எனக்கு அம்புட்டுத்தான் ஆச" என்றார்.

எனக்குப் பொசுக்கென்று கோபம் வந்தது. நான் ஆறு மாதமாக நோட்டில் எழுதி அடித்து யோசித்து வைத்திருந்த காரணம் அது. இறங்கிப் போக முடியாத ஒரு வண்டியில் அந்த ஆளை உட்கார வைக்க வேண்டும். அதை இவர் எடுத்துக்கொண்டார். பாவமாகவும் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. ஆனால் பாவம் பார்த்தால் என் ஏழு நாள் போச்சு. வீடு திரும்புகிற வழியெல்லாம் எனக்கு அந்த வண்டியில் உட்காரவே முடியவில்லை. கோவில்பட்டியில் டீக்கு நிறுத்தியபோது கடையைச் சுற்றிச் சுற்றி நடந்தேன்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் அவருக்குப் போன் போட்டேன்.

"உங்க அம்மாட்ட வேன் நெறஞ்சுபோச்சுன்னு சொல்லிருங்க."

"அம்மா ஊசியே போட்டுட்டாங்களே."

"ஊசிதான, வீணாப் போகாது. ஆயுசுக்கும் செல்லுமாம்."

"எனக்கு இந்த ஏழு நாளுதாங்க இருக்கு" என்றேன். அழுதுவிட்டேன் என்று நினைக்கிறேன். பக்கத்து மேசையில் ஜெராக்ஸ் எடுக்க நின்றவர் திரும்பிப் பார்த்தார்.

அவர் தன் கென்யா நண்பரிடம் சொல்ல, நண்பரின் அண்ணன் போலந்து நாட்டுக்காரர்கள் நாலு பேரை எங்கள் வேனில் சேர்த்தார். செலவும் சரிக்கட்டியது. நாலும் இரண்டும் ஆறு, ஒரு சீட்டு மிச்சம். அதை அவரும் நானும் யாரிடமும் சொல்லவில்லை. லீவில் வந்து இறங்கிய மறுநாள் அவர் அம்மாவிடம் இடம் இல்லை என்றார். "சரிப்பா, எனக்கும் முழங்கால் வலி" என்று அத்தை தோசை ஊற்றப் போய்விட்டாராம். இதை என்னிடம் சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

நாங்கள் போனோம். முதல் இரண்டு நாள் அவர் என்னோடு ஒரு பஸ் பயணி மாதிரி வந்தார். "தண்ணி வேணுமா?" "வேணாம்." "குளிருதா?" "இல்ல." யானை வந்தது, வரிக்குதிரை வந்தது, போலந்துக்காரர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். நான் காலை ஆட்டிக்கொண்டு அவரைப் பார்த்தேன். இதற்காகவா இவ்வளவு தூரம் வந்தோம், இதற்குக் கொடைக்கானலே போயிருக்கலாம் என்று வயிறு எரிந்தது.

மூன்றாம் நாள் ஒரு சிங்கம் எங்கள் தெரு நாய் மாதிரி மல்லாந்து தூங்கியது. அது எழுந்திருக்கும் என்று டிரைவர் இரண்டு மணி நேரம் வண்டியை நிறுத்திவிட்டார். இறங்க முடியாது, நடக்க முடியாது. எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் போல இருந்தது. அப்போதுதான் அவர் வாய் திறந்தார். கத்தாரில் ஓர் அறையில் எட்டுப் பேராம். முதல் வருடம் கழிவறையில் போய் அழுவாராம். இப்போது எட்டுப் பேர் குறட்டைச் சத்தம் இல்லாவிட்டால் தூக்கம் வராதாம். ஊருக்கு வந்தால் அமைதியாக உட்கார பயமாம், உட்கார்ந்தால் திரும்பிப் போக மனசு வராதாம், அதனால்தான் சுற்றிக்கொண்டே இருப்பாராம். "கூட்டமா இருந்தா ஒண்ணும் தெரியாது. அதான் வேன நெறப்புனேன்" என்றார். சிங்கம் எப்போது எழுந்து போனது என்று எனக்குத் தெரியாது. அதற்குப் பிறகு அவர் நிறுத்தவே இல்லை. ஏழாம் நாள் விமான நிலையத்தில் வரிசையில் நிற்கும்போதும் பேசிக்கொண்டிருந்தார்.

திரும்பி வந்து பதினொரு வீட்டு விருந்தையும் தின்று தீர்த்தோம். அவர் கத்தாருக்குப் போய்விட்டார். நான் அந்த வீட்டில் முன்வாசலுக்கும் கொல்லைக்குமாக நடந்துகொண்டிருந்தேன். கையில் எடுத்த வேலை ஒன்றும் ஓடவில்லை.

நாலாம் நாள் மத்தியானம் அத்தையும் நானும் அடுப்படியில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தோம். கென்யாப் படங்களை மாமா பார்த்தார், நாத்தனார் பார்த்தார், பக்கத்து வீட்டில்கூடப் பார்த்தார்கள். அத்தை மட்டும் கேட்கவில்லை. நானும் காட்டவில்லை. அன்றைக்குக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, "அந்தப் படத்தக் காட்டு, பாப்போம்" என்றார்.

யானையையும் ஒட்டகச்சிவிங்கியையும் சர்சர்ரென்று தள்ளினார். சிங்கத்துக்கு ஒரு நொடிகூட நிற்கவில்லை. மகன் இருக்கிற படம் வந்தால் விரல் நிற்கும். ஒரு படத்தில் நின்றவர் அதைப் பெரிதாக்கினார். வேனுக்குள்ளே எடுத்தது. ஜன்னலோரம் அவர், அவருக்குப் பக்கத்தில் ஒரு சீட்டு, சீட்டின் மேல் எங்கள் பை.

"இது யாரு சீட்டு?"

"பை வச்சிருந்தோம் அத்தை."

"கடேசி வரைக்கும் பையிதான் இருந்துச்சா?"

எனக்கு எழுந்து கொல்லைக்குப் போய்விடலாம் போல இருந்தது. போகவில்லை.

"நாந்தான் வேணாம்னேன் அத்தை. அவரு இல்ல."

"தெரியும். அவனுக்கு ஏது அம்புட்டுத் தைரியம்."

"கோவமா?"

"இல்லாமயா?" என்றார். "தோசயத் திருப்பிப் போடக்கூடத் தோணல அன்னைக்கி. கருகிப்போச்சு."

போனின் வெளிச்சம் மங்கியது. அத்தை விரலால் தட்டி அதைத் திரும்ப வரவழைத்தார். சீட்டை விட்டுவிட்டு மகன் முகத்தைப் பெரிதாக்கினார். படம் எடுத்தபோது அவர் பேசிக்கொண்டிருந்திருக்கிறார், வாய் திறந்திருந்தது.

"இதுல என்ன பேசிக்கிட்டு இருக்கான்?"

"ரூம்ல எட்டுப் பேரு இருக்காங்களாம், அதப் பத்தி."

"எட்டுப் பேரா? எங்கிட்ட ரெண்டு பேருன்னுல சொன்னான்." முகத்தை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். "இன்னும் என்ன சொன்னான்?"

"நெறையா சொன்னாரு அத்தை."

அத்தை கீரைத் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார்.

"மொதல்ல இருந்து சொல்லு" என்றார்.