ஒரு எட்டு

வெளிநாட்டில் அவள் வேலை பார்க்கும் விமான டிக்கெட் ஆபீஸில் அவளுக்கு வைத்திருந்த பேர் 'கிலோமீட்டர்'. எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு எவ்வளவு தூரம், விமானத்தில் எத்தனை மணி நேரம் என்று கேட்டால் திரையைப் பார்க்காமலே சொல்வாள். சொல்லிச் சொல்லி வாய் புளித்துப்போயிருந்தது. அவள் ஊருக்குப் போய் மூன்று வருஷமாகிறது என்பதுதான் யாருக்கும் தெரியாது.

ஊரில் அப்பா, பஸ் டிப்போவில் டைம்கீப்பராக இருந்தவர். போனில் நலம் விசாரிப்பதெல்லாம் அவருக்கு ஒத்துவராது. "இங்க வர எத்தனை மணி நேரம்?" என்றுதான் ஆரம்பிப்பார்.

"எட்டுப்பா."

"எட்டுதானே, பரவாயில்ல" என்று வைத்துவிடுவார்.

நடுவில் விமானம் மாறுவதையும், பெட்டிக்குக் காத்துக் கிடப்பதையும், அதற்கப்புறம் இடுப்பு ஒடியும் பஸ்ஸையும் அவள் அந்தக் கணக்கில் சேர்த்ததே இல்லை. எட்டு என்றால் ஏதோ பக்கத்தில் இருப்பது மாதிரி இருந்தது, இரண்டு பேருக்குமே.

அப்பாவின் காலில் வந்த புண் ஆறவில்லை. உடனே ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும் என்றார் டாக்டர். அப்பா அசையவில்லை. நேற்று ராத்திரி அக்கா போனை அவர் காதில் வைத்தபோது, சமாதானத்துக்காக இவள் சொன்னாள்: "ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போறேன்பா. நீங்க முதல்ல ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க."

இன்று கவுண்டரில் கூட்டம் நெரியும்போது அக்கா கூப்பிட்டாள்.

"ஏண்டி, அவர்கிட்ட என்னத்தடி சொன்னே? சட்டையப் போட்டுக்கிட்டு வாசல்லயே உக்காந்திருக்காரு. எட்டு மணி நேரத்துல வந்துடுவியாம், நீ வந்தாத்தான் ஆஸ்பத்திரியாம்."

"ஒரு எட்டு வரேன்னுதானேக்கா சொன்னேன்!"

"அவருக்குக் கேட்டது எட்டு மட்டுந்தான். கால் கறுத்துக்கிட்டே வருது. நான் சொன்னா எடுபடுமா? நீயே பேசு."

அப்பாவின் மூச்சு கேட்டது. வரவில்லை என்று சொன்னால் அவர் எழுந்திருக்கப் போவதில்லை. தவறாகக் கேட்டுவிட்டீர்கள் என்று சொல்லவும் நாக்கு எழவில்லை.

"அப்பா, வண்டி லேட்டு."

அப்பாவின் பழைய டிப்போக் குரல் வந்தது. "எவ்வளவு லேட்டு?"

"நாளைக்குச் சாயங்காலம் ஆயிடும்பா. நேரா ஆஸ்பத்திரிக்கே வந்துடறேன். நீங்க அங்க இருங்க."

"லேட்டுன்னா முன்கூட்டியே சொல்லித் தொலைக்க வேண்டாமா? மனுஷன் காலைலேர்ந்து காத்துக்கிட்டிருக்கேன்." அப்புறம், அக்காவிடம்: "என்ன முழிக்கறே? ஆட்டோவக் கூப்பிடு. ஸ்டாப்ப மாத்திட்டாங்க."

அவள் போனை வைத்தாள். கவுண்டருக்கு எதிரே நின்ற பெரியவரிடம், "ஒரு நிமிஷம் சார்" என்று சொல்லிவிட்டு ஊர்ப் பேரைத் தட்டினாள். ஒரே இடத்தில் மாறிப் போகும் விமானம் நிரம்பியிருந்தது. இரண்டு இடத்தில் மாறிப் போவதில் ஒரே ஒரு சீட் இருந்தது. எட்டு மணி நேரம் என்று அது எங்கேயும் சொல்லவில்லை.

முதலாளி பின்னால் வந்து நின்றார். "யாருக்கும்மா டிக்கெட்?"

"எனக்குத்தான் சார்."

"லீவு கேக்கவே இல்லையே?"

"கேக்கல சார். அப்பாகிட்ட வரேன்னு சொல்லிட்டேன்."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் மேஜைக்கு அடியில் கழற்றி விட்டிருந்த செருப்பைக் காலால் துழாவிக்கொண்டிருந்தாள்.