வாப்பாவின் பக்கத்துக் கதிரை

தூரத்து நாடொன்றில் ஜனாதிபதித் தேர்தல் வருகிறதாம். வேட்பாளர் தனக்குத் துணையாக யாரை உப ஜனாதிபதிக்கு நிறுத்த வேண்டும் என்று தொலைக்காட்சியில் நான்கு பேர் மணிக்கணக்கில் விளாசிக்கொண்டிருந்தார்கள். எந்தப் பகுதி வாக்கு வரும், பெண்களின் வாக்கு வருமா, மேடையில் நன்றாகப் பேசுவாரா. என் கணவர் தேத்தண்ணியை ஆறவிட்டு வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஓப் பண்ணுங்க" என்றேன்.

"ஏன், நல்லாத்தானே கதைக்கிறாங்க?"

நல்லாத்தான் கதைக்கிறார்கள். ஆனால் அந்த வேட்பாளர் கண்ணை மூடி மௌத்தானால் என்ன ஆகும் என்று நால்வரில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. உப ஜனாதிபதி என்று ஒருவரை வைப்பதே அதற்காகத்தானே.

நம் நாட்டில் ஜனாதிபதிக்கு நிற்பவர் தனியாகத்தான் நிற்பார். துணைக்கு ஆள் பிடிக்கும் தொல்லை அவருக்கு இல்லை. எங்கள் பள்ளிவாசலில் அது உண்டு. கல்முனைப் பக்கம் கடலோரமாக இருக்கும் சின்னப் பள்ளி அது. தலைவருக்கு நிற்பவர் தன் உபதலைவரையும் கூடவே எழுப்பி நிறுத்திக் காட்ட வேண்டும். ஜும்ஆ முடிந்ததும் ஆண்கள் கை உயர்த்துவார்கள். பெண்கள் கை உயர்த்துவதில்லை. சமைக்கிற கையும் துவைக்கிற கையும் அந்த ஒரு வெள்ளிக்கிழமை மட்டும் எங்கே போகுமோ தெரியாது.

வாப்பா பஸ் டிப்போவில் நேரக்கணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். உம்மா சீனி வருத்தத்தில் மௌத்தான பிறகு என் வீட்டின் முன்னறையில் இருந்தார். தலைவராகும் ஆசை அவருக்கு ஒருநாளும் இருந்ததில்லை. எங்கள் ஊர் ஜனாஸாக்களை அடக்கும் மையவாடிதான் அவரை அதில் இழுத்துவிட்டது. அது கடலுக்கு மிக அருகில் இருந்தது. ஒவ்வொரு மாரிக்கும் கடல் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையைத் தின்றுகொண்டு வந்தது. உம்மா கிடந்தது கடல் பக்கச் சுவரை ஒட்டி. சுவருக்கு வெளியே கருங்கல் அணை ஒன்று போட வேண்டும் என்று வாப்பா பழைய நிர்வாகத்திடம் நடையாய் நடந்தார். அவர்கள் கையை விரித்துவிட்டார்கள். "அப்ப நானே நிக்கிறன்" என்று வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றி எறிந்தார்.

எங்கள் ஊரில் பெண்கள் மையவாடிக்குள் போவதில்லை. உம்மாவின் ஜனாஸா வீட்டு வாசலைத் தாண்டியதோடு எனக்கு எல்லாம் முடிந்துவிட்டது. உம்மா கிடக்கும் கபுறைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் வாப்பா சொன்னதுதான். ஒவ்வொரு வெள்ளியும் போய்வந்து சொல்வார்.

"உம்மாட தலமாட்டுல நான் நட்ட செடி பூத்திரிக்கி, மகள்."

"என்ன பூ வாப்பா?"

"வெள்ளப் பூ."

அதற்கு மேல் அவருக்குத் தெரியாது. பஸ்ஸின் சத்தத்தை வைத்தே எந்த பஸ் என்று சொல்லும் மனிதருக்கு ஒரு பூவின் பெயர் தெரியாது. நான் அவரைக் கேலி செய்வேன். ஆனால் அந்த வெள்ளைப் பூவை நினைத்துக்கொண்டுதான் வாரம் முழுவதும் இருப்பேன்.

உபதலைவராக யாரைக் காட்டுவது என்ற பேச்சு வந்தபோது இரண்டு பேர் இருந்தார்கள். எங்கள் பக்கம் ஆட்கள் குடி குடியாகப் பிரிந்திருப்பார்கள், அது தாய்வழியாக வரும். தேர்தல் என்று வந்தால் கை உயர்த்துவது மனிதர்கள் இல்லை, குடிகள்தான். வாப்பாவின் கூட்டாளி ஒருவர், நான் சாச்சா என்று கூப்பிடுபவர், வாப்பாவின் சொந்தக் குடி. வயல்காரர். யாராக இருந்தாலும் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார், அதனால் பாதி ஊருக்கு அவரோடு பேச்சுவார்த்தை இல்லை. அவருடைய ஒரே மகன் உம்மாவுக்குப் பக்கத்தில்தான் கிடந்தான். மாரி தொடங்கினால் மண்மூட்டை கட்டி அந்தச் சுவரில் தானே கொண்டுபோய் அடுக்குவார்.

மற்றவர் ஊரின் பெரிய குடி. நான் மாமா என்று கூப்பிடுவேன். அவருடைய படகுகள் ஒலுவில் துறைமுகத்தில் நிற்கும். அத்தர் வாசத்தோடு வருவார், எல்லோரிடமும் சிரித்துக் கதைப்பார், யாரையும் பகைக்கமாட்டார். வாப்பா அவரைத்தான் பிடித்தார்.

அன்று அஸர் தொழுதுவிட்டு வாப்பாவும் சாச்சாவும் எங்கள் முன்கூடத்தில் இருந்தார்கள். நான் திரைக்குப் பின்னால் தேத்தண்ணி ஆற்றிக்கொண்டிருந்தேன்.

"நீயும் நானும் ஒரே குடி தம்பி" என்றார் வாப்பா. "ரெண்டு கதிரையையும் நாமளே எடுத்தா மத்த ஆக்கள் சும்மா இரிப்பாங்களா? அவர் வந்தாரெண்டா அந்தக் குடி முழுக்க நமக்குத்தான்."

"எனக்குக் கதிரை வேணாம் காக்கா" என்றார் சாச்சா, வாப்பாவை அண்ணன் முறை வைத்து. "ஆனா ஒண்டு சொல்றன். அவர்ர ஆக்கள்ர மையத்தெல்லாம் ரோட்டுக்கு மேக்கால உள்ள மையவாடியிலதான் கிடக்கு. இஞ்ச அவருக்கு ஆரும் இல்ல."

வாப்பா சிரித்தார். "வோட்டுப் போடுறது உசிரோட இரிக்கிறவன்தானே தம்பி."

சாச்சா தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழும்பினார். எனக்கும் அன்று வாப்பா சொன்னதுதான் சரியாகப் பட்டது. எப்படியாவது வாப்பா வெல்ல வேண்டும், அணை வர வேண்டும், அவ்வளவுதான் என் மனதில் இருந்தது.

அமோகமாக வென்றார். வீட்டில் சஹன் வைத்து, பெரிய தட்டைச் சுற்றி ஆட்களை இருத்திச் சாப்பாடு போட்டோம். மாமாதான் எல்லோருக்கும் ஓடியோடி இறைச்சி வைத்தார். அடுத்த நாளே வாப்பா கச்சேரி, கரையோரத் திணைக்களம் என்று அரசாங்கக் கந்தோர்களாக அலையத் தொடங்கினார். கடற்கரையில் ஒரு கல்லை வைப்பதற்கும் அனுமதி வேண்டும். அலைந்து அலைந்து அதையும் எடுத்தார். கல் பார்க்க மலைப்பக்கம் போக இருந்த வாரத்தில், சுபஹு தொழுகைக்குக் கை கால் கழுவி வுழூ செய்துகொண்டிருந்தவர் பைப்படியில் அப்படியே சரிந்துவிட்டார். நான் ஓடிப்போய்ப் பிடித்தபோது தண்ணீர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

அவர் சொல்லி வைத்திருந்தபடி உம்மாவுக்குப் பக்கத்தில் அடக்கினார்கள். பள்ளியில் மாமா தலைவரானார்.

மாமா கெட்ட மனிதர் இல்லை. இதைச் சொல்ல எனக்குக் கசக்கிறது, ஆனாலும் அதுதான் உண்மை. பள்ளிக் காசில் ஒரு சதம் எடுக்கவில்லை, யாரையும் திட்டவில்லை. ஊரார் பள்ளிக்கு மினாரா கோபுரம் வேண்டும் என்றார்கள், அவர் மினாரா கட்டத் தொடங்கினார். நான் அவர் வீட்டுக்குப் போனேன். எழுந்து நின்று வரவேற்றார்.

"வாப்பாட ஆசதான் மகள் என்ட ஆசையும். மினாரா வேல முடியட்டும். அடுத்தது கல்லுதான்."

தலையை ஆட்டிவிட்டு வந்தேன். வரும் வழியில்தான் சாச்சா அன்று சொன்னது எனக்கு உறைத்தது. இவருக்கு மழை பெய்தால் அது வெறும் மழை. இவருடைய உம்மாவும் வாப்பாவும் ரோட்டுக்கு மேற்கே, தண்ணீர் எட்டாத இடத்தில் நிம்மதியாகக் கிடக்கிறார்கள். எனக்கும் சாச்சாவுக்கும் மாரி என்றால் இரவெல்லாம் காது கடலிலேயே கிடக்கும்.

துணைக்கு ஆள் தேடுகிறவர் முதலில் தன் ஜனாஸாவை நினைக்க வேண்டும். அதை அடக்கிவிட்டு வந்து தன் கதிரையில் ஏறி உட்காரப் போகிறவருக்குத் தன்னுடைய பயம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வாக்கைக் கொண்டுவருகிறவர் வாக்கை மட்டும்தான் கொண்டுவருவார். இதை நான் யாரிடம் சொல்ல? தொலைக்காட்சியை நிறுத்தத்தான் முடிந்தது.

மினாரா எழும்பியது. காரைதீவிலிருந்து பார்த்தாலும் தெரிகிறது என்றார்கள். அந்த மாரியில் கடல் என்றுமில்லாதபடி கடுமையாக இருந்தது. ஒரு காலை மழை விட்டிருந்தபோது சாச்சா எங்கள் வாசலில் வந்து நின்றார். சாரம் முழங்கால் வரை நனைந்து மண்ணாகிக் கிடந்தது.

"சுவர் உழுந்திட்டு மகள். வந்து பாத்துக்கங்க."

"நான் எப்பிடி வாற, சாச்சா? பொம்புளையள் மையவாடிக்க..."

"இனி அது மையவாடி இல்ல மகள். கடக்கர. நீங்க வரலாம்."

போனேன். ஆட்கள் கூடி நின்றார்கள். மாமா கவிழ்த்துப் போட்ட தோணி ஒன்றில் தலையில் கைவைத்துக்கொண்டு இருந்தார். என்னைக் கண்டதும் எழும்பினார். "மினாரா வேல முடிஞ்ச ஒடன..." என்று தொடங்கியவர் அழுதுவிட்டார். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளும்படி நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்று நினைத்துத்தான் போனேன். ஆனால் கோபமெல்லாம் வாப்பாவின் மேல் திரும்பியது. நீங்கதானே வாப்பா இவர எழுப்பி நிப்பாட்டின என்று மனதுக்குள் அவரோடு சண்டை பிடித்தேன்.

கடல் அரித்த விளிம்பில், கபுறில் நடும் மீஸான் கட்டை ஒன்று சாய்ந்து நின்றது.

"வாப்பா" என்றார் சாச்சா.

"உம்மா?"

அவர் கை தண்ணீர்ப் பக்கமாக உயர்ந்தது, பிறகு தானாகக் கீழே விழுந்தது. அவருடைய மகனைப் பற்றி நான் கேட்கவில்லை.

வாப்பாவின் கட்டையைச் சுற்றி, உம்மா இருந்த பக்கமிருந்து பரவி வந்த செடி ஒன்று பூத்துக் கிடந்தது. வெள்ளைப் பூ. கிட்டப் போய் இருந்து பார்த்தேன். அது பட்டிப்பூ. எங்கள் கிணற்றடியில் உம்மா நட்ட அதே செடி.