கொச்சியில் ஒரு பாய்க்கப்பல், ஜீவனஹள்ளியில் நாலு ஜாக்கி

ஒரு புதன்கிழமை காலை, வேலைக்குப் போகாமல் காக்ஸ் டவுனில் ஒரு வீட்டு வாசலில் போய் நின்றேன். அந்த வீட்டை விற்க வெள்ளிக்கிழமை கையெழுத்தாக இருந்தது. போடாதீர்கள் என்று சொல்லத்தான் போனேன். தைரியமாகப் போடலாம் என்று எழுதிக் கொடுத்தவனும் நானே.

பஸ் பாடி கட்டி வாழ்ந்தவன் நான். அனுபவத்தை எழுதச் சொன்னால், கட்டிய நல்ல வண்டிகளைப் பற்றி எழுதுவேன் என்று எதிர்பார்க்கிறார்கள். நல்ல வண்டி ஓடிப்போய்விட்டது, அதில் சொல்ல என்ன இருக்கிறது? நான் சறுக்கிய இடத்தைச் சொல்கிறேன். வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு அதுதான் உபயோகப்படும்.

1. இரும்பு தெரிந்தவர்

ஐம்பதுகளின் நடுவில் பெங்களூரில் ஜீவனஹள்ளிப் பக்கம் ரஹீம் சாயபுவின் பாடி ஷாப்பில் நான் மேஸ்திரி. அப்போது கம்பெனியிலிருந்து இன்ஜினும் சேஸிஸும்தான் வரும். மேலே உள்ள கூண்டு முழுக்க மரம், அது எங்கள் வேலை. பழைய பஸ் வந்தால் எந்தக் கட்டை தேறும், எது தேறாது என்று தட்டிப் பார்த்துச் சொல்வது என் தனிப் பொறுப்பு. கொட்டாப்புளியால், அதாவது மரச்சுத்தியால், ஒரு தட்டு, திருப்புளியால் ஒரு குத்து. என் தீர்ப்புக்கு மேல் அப்பீல் கிடையாது என்று ஷாப்பில் கேலி பேசுவார்கள். எனக்கும் அந்தக் கேலி பிடித்துத்தான் இருந்தது.

ஒரு நாள் கேப்டன் செல்லதுரை வந்தார். சரக்குக் கப்பல்களில் முப்பது வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். ஞாயிற்றுக்கிழமைகளில் அல்சூர் ஏரியில் சின்னப் பாய்ப்படகு ஓட்டுவார். நேராக விஷயத்துக்கு வந்தார்.

"மேஸ்திரி, கொச்சியில ஒரு பாய்க்கப்பல் விலைக்கு வருது. நாப்பத்தாறு அடி, ரெண்டு பாய்மரம். ஒரு எஸ்டேட் தொரையோடது, அவர் ஊருக்குத் திரும்பறார். நானும் என் வொய்ஃபும் அதுலயே குடியிருந்துகிட்டு கரையோரமா ஊர் ஊரா போகலாம்னு ஐடியா. நீங்க வந்து பாத்து சொல்லணும்."

"நானா? இன்னா சார், நான் பஸ்ஸு கட்றவன்."

"ஓட்டறத நான் பாத்துக்குவேன். ஆனா முப்பது வருஷமும் இரும்புக் கப்பல்லயே இருந்துட்டேன். மரம் எனக்குத் தெரியாது. இது முழுக்க மரம்."

ரஹீம் சாயபு சிரித்தார். "அரே ஏகாம்பரம், தண்ணியில ஓடற பஸ்ஸுன்னு நெனச்சுக்கோ. போய்ட்டு ஜல்தி வா."

படகு வாங்க வேண்டுமானால் காக்ஸ் டவுன் வீட்டை விற்றாக வேண்டும். அவர்களுக்கு இருந்தது அந்த ஒரு வீடு. கேப்டனின் மனைவி கிரேஸ் அம்மா அதிகம் பேசமாட்டார். பாவம், வயசான காலத்தில் இந்த மனுஷர் வீட்டை விற்று அந்த அம்மாவைத் தண்ணீரில் தள்ளப் பார்க்கிறாரே என்று நான் உள்ளுக்குள் பொருமிக்கொண்டேதான் அவர்கள் இருவரோடும் ரயில் ஏறினேன்.

2. அடிவயிறு

கொச்சியில் படகைக் கரைமேல் இழுத்து வைத்திருந்தார்கள். தேக்குப் பலகை, அதை உள்ளிருந்து தாங்கும் அயினி மர விலாக்கட்டை. பார்த்ததும் கை பரபரத்தது. தாசன் என்ற காவல்காரர் ஒருவர் மட்டும் இருந்தார். சாயங்காலம் வாளி வாளியாகக் கடல் தண்ணீரை மொண்டு டெக் என்கிற மேல்தளத்தைக் கழுவினார். பக்கத்திலேயே நல்ல தண்ணீர்க் குழாய் இருக்க, ஏன் இந்த உப்புத் தண்ணீர் என்று கேட்டேன். உப்பு மரத்துக்கு நல்லது, மழைத் தண்ணீர்தான் ஆகாது என்று அவர் மலையாளத்தில் சொன்னார். குழாய் வரை நடக்கச் சோம்பல், அதற்கு ஒரு காரணம் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் அரை நாள் முழுக்கப் படகின் அடியில் கிடந்தேன். தண்ணீருக்குக் கீழே இருக்கும் ஒவ்வொரு பலகையையும் தட்டினேன். உள்ளே இறங்கி, தரைப்பலகையைத் தூக்கி, தலைகீழாகத் தொங்கி விலாக்கட்டைகளின் காலைக் குத்திப் பார்த்தேன். எல்லாம் கணீரென்று இருந்தது. சட்டையெல்லாம் சேறும் எண்ணெயுமாக வெளியே வந்து, "கல்லு மாரி கீது சார்" என்றேன். சொல்லும்போது எனக்கே பெருமையாக இருந்தது.

கிரேஸ் அம்மா கேபினில் ஒரு பெர்த்தில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்து வந்தார்.

"மேஸ்திரி, தலைமாட்டுல ஒரு மாதிரி வாசனை வருது. கால்மாட்டுல இல்ல."

"கடல் காத்தும்மா. ஈரம் இல்லாம இருக்குமா?" என்றேன். அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

அடுத்த நாள் படகைத் தண்ணீரில் இறக்கிப் பாய் விரித்தார்கள். அது கேப்டனின் பரீட்சை. படகின் மூக்குப் பக்கம் நின்று நான் ஒரு மரச்சீவலைத் தண்ணீரில் போடுவேன், அது பின்முனையைத் தாண்டும்போது அவர் கடிகாரத்தைப் பார்ப்பார். ஐந்து நொடி. ஐந்தரை நாட், அதாவது மணிக்கு ஆறு மைலுக்கு மேல், இந்தக் காற்றுக்கு நல்ல வேகம் என்றார். திருப்பினால் எருமை மாதிரி நிதானமாகத் திரும்பியது, ஆனால் ஒரு தடவைகூட முரண்டு பிடிக்கவில்லை. கடைசியில் அவர் சுக்கான் சக்கரத்திலிருந்து கையையே எடுத்துவிட்டார். எனக்கு உயிர் போய் வந்தது. படகு தானாகக் காற்றுக்கு எதிரே முகத்தைத் திருப்பி, வேகம் குறைந்து நின்றது.

"பாத்தீங்களா? கைய விட்டா தறிகெட்டு ஓடாம நின்னுடுது. இந்தப் புத்தி இருக்கற படகை நம்பலாம்" என்றார். அன்று அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்தபோது, என் பொருமல்கூடக் கொஞ்சம் குறைந்தது.

பெங்களூர் திரும்பியதும் நாலு பக்கம் எழுதிக் கொடுத்தேன். கடைசி வரி: 'மரம் கெட்டி. வாங்கலாம்.' கேப்டன், வீட்டை வாங்க வந்தவரிடம் வெள்ளிக்கிழமை கையெழுத்து என்று சொல்லிவிட்டார்.

3. இருபது டிகிரிச் சமையல்

புதுப் பஸ் கட்டுவதற்கு முன் நாங்கள் ஷாப் தரையில் முழு அளவில் சாக்பீஸால் கோடு போடுவோம். ஸீட், படி, டிரைவர் இடம் எல்லாம். பிறகு பேக்கிங் பெட்டிப் பலகையால் ஒரு மாதிரி கட்டி, ஆளை உட்கார வைத்துப் பார்ப்போம். முழங்கால் இடித்தால் அப்போதே தெரிந்துவிடும். படகின் கேபினையும் அப்படிக் கட்டிப் பார்க்கலாம் என்று தோன்றியது. அளவெல்லாம் என் நோட்டில் இருந்தது. அந்த அம்மா உள்ளே ஒரு மணி நேரம் இருந்தால் வேண்டாம் என்று வாய்விட்டுச் சொல்லிவிடுவார் என்பது என் ரகசியக் கணக்கு.

ஞாயிற்றுக்கிழமை ஷாப்பில் கேபின் தயார். இரண்டு பெர்த், சமையல் மேடை, மேலே வெள்ளையடித்த கூரை. ஒரு பக்கம் நாலு லாரி ஜாக்கி கொடுத்து இருபது டிகிரி சாய்த்தேன். பாய் விரித்து ஓடும்போது படகு அவ்வளவு சாய்ந்துதான் போகும். கிரேஸ் அம்மா உள்ளே ஏறி, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஸ்டவ்வைப் பற்ற வைத்தார். ஸ்டவ் ஊஞ்சல் மாதிரித் தொங்குவது, நாம் சாய்ந்தாலும் அது சாயாது.

ரஹீம் சாயபு பிரார்த்தனை மாதிரி எதையோ முணுமுணுத்துக்கொண்டு வெளியே நின்றார்.

அந்த அம்மா டீ போட்டார். உப்புமா கிளறினார். ஒரு சொட்டு சிந்தவில்லை. கேப்டன்தான் கோப்பையோடு பெர்த்திலிருந்து வழுக்கி, எதிர்ப் பெர்த்தில் போய் விழுந்தார்.

"உங்களுக்கு முப்பது வருஷமா கப்பல் ஸ்டூவர்ட் பையன் டீ கொண்டாந்து குடுத்தான், அதான்" என்றார் கிரேஸ் அம்மா, கிளறுவதை நிறுத்தாமலே. ஷாப்பே சிரித்தது.

பிறகு எனக்குப் பாடம் நடந்தது. பெர்த் மூன்றடி அகலம், ராஜா மாதிரித் தூங்கலாம் என்று நான் எழுதியிருந்தேன். சாய்த்ததும் அந்த அம்மா அதில் உருண்டு கொண்டே இருந்தார். "இத ரெண்டடியாக்கி ஓரத்துல கேன்வாஸ் கட்டுங்க. இடுப்புக்குப் பின்னால ஒரு பெல்ட் வேணும், அப்பதான் ரெண்டு கையும் சமைக்கக் கிடைக்கும். கழுவுற தொட்டிய நடுப்பக்கம் மாத்துங்க." ஒவ்வொன்றும் சரி. என் கணக்கு எங்கோ தப்புகிறது என்று அப்போதே விளங்கியிருக்க வேண்டும். எனக்கு விளங்கவில்லை.

இறங்கும்போது கூரையைப் பார்த்துச் சொன்னார். "இங்க அந்த வாசனை இல்ல மேஸ்திரி. மழைக்காலத்துல எங்க விறகு ரூம்ல ஓட்டுக்குக் கீழ வருமே, அது."

4. மேலே இருந்து வரும் தண்ணீர்

செவ்வாய்க்கிழமை ஒரு பழைய பஸ் வந்தது. வழக்கம் போல அடியில் புகுந்தேன். பஸ் எப்போதும் கீழேதான் உளுத்துப்போகும். சக்கரம் சேற்றுத் தண்ணீரை வாரித் தரைக்கட்டையில் அடிக்கும். அதனால்தான் எங்கள் கண் முதலில் கீழே போகும். திருப்புளியைக் குத்தப் போன கை அப்படியே நின்றது. படகுக்குக் கீழே இருப்பது உப்புத் தண்ணீர். தாசன் சொன்னது சோம்பேறிப் பேச்சு இல்லை. படகுக்குக் கெடுதல் செய்யும் மழை மேலே இருந்து வருகிறது. கொச்சி மழை! டெக்கின் அடியில், அந்த வெள்ளை அடித்த சீலிங் பலகைக்குப் பின்னால் நான் எதையுமே பார்க்கவில்லை. ஒரு பலகையைக்கூடக் கழற்றவில்லை.

வண்டிக்கு அடியிலேயே படுத்திருந்தேன். வெட்கம் என்றால் அப்படி ஒரு வெட்கம். வாசனையே வந்து சொல்லியிருக்கிறது, அந்த அம்மா இரண்டு தடவை சொல்லியிருக்கிறார், நான் காற்று என்று பாடம் நடத்தியிருக்கிறேன்.

புதன்கிழமை காக்ஸ் டவுன் வாசலில் இதை அப்படியே சொன்னேன். கேப்டனுக்கு முகம் சிவந்துவிட்டது.

"மரம் கெட்டின்னு எழுதிக் குடுத்தீங்களே! நாள் குறிச்சாச்சு, மேஸ்திரி!"

"தப்பு என்னுது சார். நாலு நாள் குடுங்க. நானே போய்த் தொறந்து பாக்கறேன். நல்லா இருந்தா உங்க கால்ல விழறேன்."

கிரேஸ் அம்மா, "போகட்டும், பாத்துட்டு வரட்டும்" என்றார். கேப்டன் கையெழுத்தைத் தள்ளிப்போட்டார்.

தனியாகக் கொச்சி போனேன். தாசன் உதவியோடு சீலிங் பலகைகளைக் கழற்றினேன். இடது பக்கம் டெக்கைத் தாங்கும் குறுக்குச் சட்டங்களில் ஏழின் முனை கறுத்திருந்தது. திருப்புளி பிடி வரைக்கும் இறங்கியது, ரொட்டியில் இறங்குகிற மாதிரி. பெரிய காற்று ஒன்று அடித்திருந்தால் பாய்மரம் அந்தப் பக்கத்து டெக்கோடு பிடுங்கிக்கொண்டு போயிருக்கும். கெட்ட முனைகளை ஒவ்வொன்றாக நோட்டில் குறித்துக்கொண்டேன்.

5. நாலு பக்கத்தில் இல்லாத கேள்வி

திரும்பி வந்து கேப்டனிடம் சொன்னேன். "சரி, விட்டுடலாம். வீடாவது மிஞ்சிச்சு. கிரேஸுக்கும் நிம்மதி" என்றார். எனக்கும் பெரிய பாரம் இறங்கியது. அந்த அம்மா கையெடுத்துக் கும்பிடப் போகிறார் என்றுகூட எதிர்பார்த்தேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

கிரேஸ் அம்மா அழுதார். சத்தமில்லாமல், கண்ணைத் துடைக்காமல் அழுதார்.

"எனக்கு நிம்மதின்னு யார் சொன்னா? முப்பது வருஷம் இந்த ஜன்னல் கிட்ட உக்காந்து இவர் எழுதற லெட்டரப் படிச்சேன். கொழும்பு, ஏடன், பினாங்கு. ஒரு ஊராவது நான் பாத்தேனா? இப்பதான் கூட்டிட்டுப் போறேன்னார். வேணாம்னு நான் ஒரு நாளாவது சொன்னேனா மேஸ்திரி? உனக்கு வேணுமான்னு நீங்க யாராவது கேட்டீங்களா?"

கேப்டன் தன் மனைவியைப் பார்த்த பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை. முப்பது வருஷம் கடலில் திசை பார்த்தவர், வீட்டுக்குள் திசை தெரியாமல் நின்றார். என் நிலையும் அதுதான். அந்த அம்மாவின் உயரத்தை அளந்தேன், கை எட்டும் தூரத்தை அளந்தேன், படுத்தால் எத்தனை அங்குலம் என்று எழுதினேன். நாலு பக்கத்தில் இந்த ஒரு கேள்வி மட்டும் இல்லை.

கடைசியில் கேப்டன் என்னிடம் கேட்டார். "ஏழு சட்டத்தையும் மாத்த முடியுமா?"

"முடியும் சார். நாலு மாசம் ஆவும்."

"லீவு கிடைக்குமா?"

ரஹீம் சாயபு கத்தினார், பிறகு கொடுத்தார். உளுத்த சட்டங்களைப் பார்த்த எஸ்டேட் துரை விலையை நன்றாகவே இறக்கிவிட்டார். வீட்டை விற்கத் தேவைப்படவில்லை, வாடகைக்கு விட்டார்கள். நான் அயினிக் கட்டை இழைத்து, தாசனோடு சேர்ந்து ஏழு சட்டங்களையும் மாற்றினேன். பெர்த்தை இரண்டடியாக்கினேன், பெல்ட் போட்டேன், தொட்டியை நடுவுக்குக் கொண்டுவந்தேன்.

முதல் தடவை துறைமுகத்தைத் தாண்டிப் போனபோது என்னையும் ஏற்றிக்கொண்டார்கள். வெளிக்கடலின் அலை பட்டதும் கிரேஸ் அம்மாவுக்கு வாந்தி. நிற்கவில்லை. முகம் வெளுத்து, டெக் ஓரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கேப்டன் சுக்கானைப் பிடித்தபடி, திருப்புவதா வேண்டாமா என்று என்னைப் பார்த்தார். எப்போதும் போல நானே தீர்ப்பு சொல்ல வாயைத் திறந்தேன். சட்டென்று மூடிக்கொண்டு, அந்த அம்மா பக்கத்தில் போய்க் குனிந்தேன்.

"திரும்பிடலாமாம்மா? இன்னா சொல்றீங்க?"

அவர் வாயைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"போகலாம்" என்றார்.