மின்னல் செய்த கண்ணாடி

எங்கள் மூக்குக்கண்ணாடிப் பட்டறையில் அவளுக்கு மின்னல் என்று பேர். வைத்தவர் முதலாளி. வைத்ததோடு விட்டாரா? "அவளப் பாத்துக் கத்துக்கங்க" என்று எங்களை நாள் முழுக்கக் குத்துவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவள் காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவள். கை ஃபிரேமில் லென்ஸைப் பொருத்தும், காது இயர்போனில் வேறொரு கடையின் ஆர்டரைக் கேட்கும், வாய் இடையிடையே வீட்டிலிருக்கும் புருஷனை விரட்டும். "ஒரு நேரத்துல ஒரு வேலையப் பாரேன்டி" என்றால், "உனக்கென்ன, ஒத்தக்கட்டை. நேரத்த மிச்சம் புடிச்சாத்தான் எனக்குப் பொழப்பு" என்பாள். மிச்சம் பிடித்ததை என்ன செய்தாள்? இன்னொரு வேலையை இழுத்துப் போட்டுக்கொண்டாள், வேறென்ன!

அவளுக்கு ஏழு வயதில் ஒரு மகள். குழந்தைக்கு இடது கண்ணில் பார்வை மட்டு. "சின்ன வயசுலயே சரியான கண்ணாடி போட்டாத்தான் அந்தக் கண்ணு தேறும். நாள் கடத்துனா அப்புறம் கஷ்டம்" என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அந்தக் கண்ணாடியை மின்னலே செய்தாள், அவசர ஆர்டர்களுக்கு நடுவே, காதில் இயர்போனோடு.

வலது லென்ஸில் மை வைத்து அடையாளம் செய்வது எங்கள் வழக்கம். பொருத்தியபின் பவர் பார்க்கும் மெஷினில் ஒரு தடவை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் மையைத் துடைப்போம். சொந்தப் பிள்ளையின் கண்ணாடிதானே என்று அவள் மெஷின் பக்கமே போகவில்லை.

குழந்தை தலைவலி என்றது. "புதுக் கண்ணாடின்னா அப்படித்தான், பழகிடும்" என்றாள். வாடிக்கையாளர்களிடம் நாங்கள் பாடுகிற அதே பாட்டு. கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டு மேல்வழியாகப் பார்த்தபோது அதட்டினாள். இப்படியே பல மாதம் ஓடிவிட்டது.

பள்ளி விடுமுறையில் ஒருநாள் குழந்தை பட்டறைக்கு வந்திருந்தது. அது என்னைக் கண்ணாடிக்கு மேலாகவே பார்ப்பதைக் கண்டு எனக்கு என்னவோ போலிருந்தது. "குடுடா தங்கம், பெரியம்மா தொடச்சுத் தரேன்" என்று வாங்கி மெஷினில் வைத்தேன். ஃபிரேம் வட்டமானது, எந்த லென்ஸும் எந்தப் பக்கமும் பொருந்திவிடும். இடது லென்ஸ் வலப்பக்கமும் வலது லென்ஸ் இடப்பக்கமும் கச்சிதமாக உட்கார்ந்திருந்தன.

கூப்பிட்டுக் காட்டினேன். இயர்போனில் யாரோ கத்திக்கொண்டிருந்தார்கள். அதைப் பிடுங்கி மேசையில் போட்டுவிட்டு, லென்ஸ்களைக் கழற்றி மாற்றிப் பொருத்தினாள். அந்த ஒரு கண்ணாடிக்கு அவள் எடுத்துக்கொண்ட நேரத்தில் வேறு நாளாக இருந்தால் பத்து முடித்திருப்பாள்.

மகளுக்கு மாட்டிவிட்டு, நல்ல கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னாள். எதிர்ச்சுவர் ஓரமாகப் போய் நின்று நான்கு விரல்களைக் காட்டினாள்.

"எத்தனைடா கண்ணு?"

குழந்தை எட்டி எட்டிப் பார்த்தது. அம்மா கோபித்துக்கொள்வாளோ என்று பயந்து, மெதுவாக, "ரெண்டு" என்றது.

மின்னல் இரண்டு விரல்களை மடக்கிக்கொண்டு, "கரெக்டா சொல்லிட்டியே!" என்றாள்.