இரண்டு பேரை நிற்கவைத்த வகுப்பு

என் மகள் நாற்காலியில் காலை ஆட்டிக்கொண்டு ஆங்கிலப் பாடத்தை உருப்போட்டுக்கொண்டிருந்தாள். ஷார்ட் என்றால் ஷார்ட்டர், பியூட்டிஃபுல் என்றால் மோர் பியூட்டிஃபுல். இரண்டு பேரை ஒப்பிட்டு எழுதிக்கொண்டு போக வேண்டுமாம். "அம்மா, உன்னையும் பெரியம்மாவையும் வச்சு எழுதட்டா?" என்றாள். "மொதல்ல சாப்பிடுட்டி" என்று அதட்டிவிட்டேன். பாவம், பிள்ளை திருதிருவென்று விழித்தது.

நானும் அதைப் படித்தவள்தான். தச்சநல்லூரில் மிளகாய் அரைக்கிற மில்லுக்கு மேல்மாடியில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு. கீழே வத்தல் அரைபட்டால் மேலே பாதி வாக்கியம் தும்மலில் போய்விடும். அக்கா நர்ஸிங் முடித்து வளைகுடா வேலைக்கு முயன்றுகொண்டிருந்தாள். நான் துணைக்குப் போனவள். என் ஆங்கிலம் 'மோர் பெட்டர்' ரகம். எதற்கும் இருக்கட்டும் என்று ஒன்றுக்கு இரண்டாகப் போட்டுவைப்பேன். அக்கா பெஞ்சுக்கு அடியில் என் காலை மிதிப்பாள்.

மேடத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. இரண்டு பேரை முன்னால் நிற்கவைத்து, அவர்களை ஒப்பிட்டு மற்றவர்களை ஆளுக்கொரு வாக்கியம் சொல்லச் சொல்வார். விழுந்து விழுந்து சிரிப்போம். அவர் வெளியூர்க்காரர், ஊர்ப்பேச்சு அவர் காதுக்கு எட்டாது. அன்றைக்கு எங்கள் வீட்டுச் சேதி மற்றவர்களுக்கெல்லாம் எட்டியிருந்தது.

என்னவென்றால், முந்தின நாள் அக்காவைப் பெண் பார்க்கத் திருச்செந்தூரிலிருந்து வந்திருந்தார்கள். காப்பி கொடுத்தது அக்கா. பஜ்ஜித் தட்டோடு பின்னால் போனது நான். காலையில் தரகர் போன் செய்தார். "சின்னவளைத்தான் பிடிச்சிருக்காம் அண்ணாச்சி." அன்று சாயங்காலத்துக்குள் அப்பா பதில் சொல்ல வேண்டும். வகுப்புக்குப் போகிற வழியெல்லாம் அக்கா எனக்குப் பத்தடி முன்னாலேயே நடந்தாள்.

"சிஸ்டர்ஸ் ரெண்டு பேரும் வாங்க" என்றார் மேடம்.

பக்கத்தில் பக்கத்தில் நின்றோம். பெஞ்சில் இருந்தவர்கள் குனிந்து நோட்டைப் புரட்டினார்கள். நிறத்தைச் சொல்ல முடியுமா? வயதைச் சொல்ல முடியுமா? உடம்பைச் சொல்ல முடியுமா? எதைத் தொட்டாலும் அது முந்தின நாள் எங்கள் வீட்டுக் கூடத்தில் போய் முட்டும். கடைசியில் முன்வரிசைப் பெண் ஒருத்தி, அக்காவின் சடை நீளம் என்று தட்டுத்தடுமாறிச் சொல்லி முடித்தாள். அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. மேடத்துக்குப் போதவில்லை.

"வேற? வேற யாருமே சொல்லலியா?"

"எங்க வீட்டுல நேத்தே ஒப்பிட்டுப் பாத்துட்டாவ மேடம்" என்றாள் அக்கா. "இவதான் நல்லாருக்காளாம்."

சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்தாள். மேடம் சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். நான் எங்கே போவது என்று தெரியாமல் முன்னாலேயே நின்றேன்.

வீட்டுக்கு வந்ததும் அப்பாவிடம், "எனக்கு இந்த மாப்பிள்ளை வேண்டாம்ப்பா" என்றேன். அக்காவுக்காகத்தான் சொன்னேன். அவள் முகம் தெளியும் என்று நினைத்தேன். அப்பா போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். அக்கா என்னை அடுப்படிக்குள் இழுத்தாள்.

"எனக்குப் பிச்சை போடுதியோட்டி? அவன் வேண்டாம்னு சொன்னான், சரி, போறான். நீ பாவம் பாக்குத பாரு, அதைத்தான் தாங்க முடியல."

பிறகு எல்லாம் நல்லபடியாகத்தான் நடந்தது. அவளுக்கு மஸ்கட்டில் வேலை கிடைத்தது, மனதுக்குப் பிடித்த கணவரும் அமைந்தார். எனக்கும் கல்யாணம் ஆனது. வருடா வருடம் வருகிறாள். வந்தால் ஒரே தட்டில் சாப்பிடுவோம், ஊர்க்கதை பேசி வயிறு வலிக்கச் சிரிப்போம். பகை எதுவும் கிடையாது.

ஆனால் யாராவது போட்டோ எடுக்கக் கூப்பிட்டால், அம்மாவையோ என் மகளையோ பைய இழுத்து நடுவில் விட்டுவிட்டுத்தான் நிற்பாள். அந்த நாளுக்குப் பிறகு, நானும் அவளும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிற படம் ஒன்றுகூடக் கிடையாது.